விமான இரைச்சலைக் குறைக்க என்ன செய்யலாம்? திருச்சி விமான நிலையத்தைச் சுற்றிப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

குண்டூர், செம்பட்டு, கொட்டப்பட்டு, கே.கே. நகர், நவல்பட்டு என்று விமான நிலையத்தைச் சுற்றிப் புதிதாகக் குடிவருகிறவர்கள் முதல் மாதம் மாடியில் நின்று விமானத்தை வேடிக்கை பார்ப்பார்கள். பிள்ளைகள் கையசைப்பார்கள். அப்புறம் ஒரு நடுராத்திரியில் தொட்டில் குழந்தை வீறிட்டு எழும். இரத்த அழுத்த மாத்திரை போட்டுக்கொண்டு அப்போதுதான் கண்ணயர்ந்த பெரியவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். மறுநாள் அக்கம்பக்கத்தில் கேட்டால் இரண்டு பதில்தான் கிடைக்கும். ஒன்று, "பழகிடும்." இன்னொன்று, "ஏர்போர்ட் பக்கத்துல ஏன் இடம் வாங்கினீங்க?" இந்த இரண்டு பதிலோடு திரும்பி வந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விமானமே வரக் கூடாது என்று நாம் யாரும் கேட்கவில்லை. பட்டுக்கோட்டை, மன்னார்குடி, கூத்தாநல்லூர், கும்பகோணம் பக்கமெல்லாம் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ ஒரு ஆள் இல்லாத தெரு குறைவு. இரவு இரண்டு மணிக்கு நம் தூக்கத்தைக் கெடுக்கிற விமானத்தில்தான் யாரோ ஒருவருடைய மகன் மூன்று வருடம் கழித்து ஊர் திரும்புகிறான். ஆகவே நம் கேள்வி, அந்த விமானம் எப்படி வருகிறது, எந்த வழியாகப் போகிறது, நின்ற பிறகு என்ன செய்கிறது என்பதுதான். "சத்தம் தாங்க முடியவில்லை" என்று எழுதிய மனு கோப்பிலேயே கிடக்கும். "தரையில் நிற்கும் விமானம் இரவு ஒன்றரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் துணை இன்ஜினை ஓடவிடுகிறது" என்று எழுதினால் யாராவது ஒருவர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். கீழே சொல்லப்போகிற வேலை எல்லாம் முதல் வகை மனுவை இரண்டாவது வகையாக மாற்றுவதற்காகத்தான்.

எந்தச் சத்தம் என்று பிரித்துப் பாருங்கள்

நாம் எல்லாவற்றையும் சேர்த்து "ஃப்ளைட் சத்தம்" என்கிறோம். அதில் நான்கு வகை இருக்கிறது, நான்குக்கும் மருந்து வேறு.

முதலாவது, புறப்படும்போது வருவது. இன்ஜின் முழு வேகத்தில் இருக்கும், வயிற்றில் அதிரும். இரண்டாவது, இறங்கும்போது வருவது. இதில் இன்ஜின் அடங்கித்தான் இருக்கும். இறக்கை மடிப்புகளும் சக்கரங்களும் காற்றைக் கிழிக்கிற சத்தம்தான் பெரும்பகுதி. மூன்றாவது, தரைதொட்டவுடன் சில நொடிகள் கேட்கும் பெரிய இரைச்சல். வேகத்தைக் குறைக்க இன்ஜினின் காற்றை முன்பக்கமாகத் திருப்புவதால் வருவது; இதற்கு எதிர் உந்துதல் என்று பெயர். நான்காவது, நின்றுகொண்டிருக்கும் விமானத்தின் சத்தம். விமானத்தின் வாலில் ஒரு சின்னத் துணை இன்ஜின் உண்டு. பெரிய இன்ஜின்கள் நின்றபிறகு விளக்குக்கும் ஏசிக்கும் அதுதான் மின்சாரம் தருகிறது. ஒரே சுருதியில் "ஙொய்" என்று விடாமல் கேட்டால் அதுவாக இருக்கலாம். பராமரிப்புக்காக இன்ஜினை ஓட்டிப் பார்ப்பதும் இந்த வகையில் சேரும்.

இன்னொன்றும் உண்டு. துவாக்குடி, செங்கிப்பட்டிப் பக்கம் இருப்பவர்கள், தூரத்தில் இறங்கி வருகிற சில விமானங்களிலிருந்து விசில் போல ஒரு ஒலியைக் கேட்கலாம். ஏர்பஸ் ஏ320 வகையின் பழைய விமானங்களில் இறக்கையின் அடியில் எரிபொருள் தொட்டிக்கான வட்டத் துளைகள் உண்டு. பாட்டில் வாயில் ஊதினால் வருவதுபோல அந்தத் துளையின் மேல் காற்று ஓடும்போது விசில் பிறக்கிறது. துளைக்கு முன்னால் சின்னத் தகடு ஒன்றை வைத்தால் விசில் அடங்கிவிடும். ஜெர்மனியின் லுஃப்தான்சா நிறுவனம் 2014-இல் தன் விமானங்களில் இதைப் பொருத்தத் தொடங்கியது. பெரிய இரைச்சலாகத் தெரிவதற்குக்கூடச் சில சமயம் சின்ன மருந்து இருக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

காற்றும் பருவமும்

திருச்சி ஓடுபாதை ஏறக்குறைய நேர் கிழக்கு மேற்காக இருக்கிறது. அதன் இரு முனைகளுக்கும் 09, 27 என்று எண். அதாவது 90 பாகை, 270 பாகை. விமானம் எப்போதும் எதிர்காற்றில்தான் ஏறவும் இறங்கவும் விரும்பும். இது தெரிந்துவிட்டால் உங்கள் வீட்டுச் சத்தத்தின் பாதிக் கதை புரிந்துவிடும்.

ஆனி, ஆடியில் மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று, அடிக்கிறது. விமானங்கள் கிழக்கிலிருந்து, நவல்பட்டுப் பக்கமாக இறங்கி, மேற்கு நோக்கிப் புறப்படும். ஐப்பசிக்கு மேல் வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று வந்ததும் இது தலைகீழாகும்: மேற்கிலிருந்து இறங்கி, கிழக்கு நோக்கிப் புறப்படும். ஆகவே ஆடியில் வீடு பார்த்து, "பரவாயில்லை, அவ்வளவு சத்தம் இல்லை" என்று முடிவுசெய்தவர் கார்த்திகையில் திகைத்துப்போவார். வீடு மாறவில்லை, காற்று மாறியிருக்கிறது.

இதோடு டெல்டாவுக்கே உரிய சில விஷயங்களும் சேர்கின்றன. மார்கழி, தை இரவுகளில் வானம் தெளிந்திருந்தால் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே இருக்கும் காற்று அதைவிட வெப்பமாக இருக்கும். அப்போது தரையில் கிளம்பும் ஒலி மேலே போய்க் கலைந்துபோகாமல் வளைந்து திரும்பக் கீழேயே வரும். சாதாரண நாளில் கேட்காத துணை இன்ஜின் சத்தம் அன்று இரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கூடக் கேட்கலாம். அதேபோல, நிறைந்து நிற்கிற ஏரியும் தண்ணீர் கட்டிய நெல்வயலும் ஒலியை உறிஞ்சாது, தட்டித் திருப்பிவிடும். புல் மண்டிய தரையும் உழுத மண்ணும் ஓரளவு வாங்கிக்கொள்ளும். மழைக்காலம் முடிந்து ஏரி நிரம்பியபிறகு அக்கரைச் சத்தம் இக்கரைக்குத் தெளிவாகக் கேட்பதை ஏரிக்கரைக்காரர்கள் அறிவார்கள்.

உழுத மண் என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. ஆம்ஸ்டர்டாம் ஸ்கிப்போல் விமான நிலையத்தில் 2003-இல் புதிய ஓடுபாதை திறந்தபோது, தாழ்வான சமவெளி முழுக்க அதன் தரைச் சத்தம் பரவியது. அறுவடை முடிந்து விவசாயிகள் நிலத்தை உழுதபிறகு சத்தம் குறைவதைச் சுற்றுப்புற மக்கள் கவனித்தார்கள். அதையே பிடித்துக்கொண்டு, பெரிய பெரிய வரப்புகளும் பள்ளங்களுமாக ஒரு நிலப்பூங்காவை வடிவமைத்து 2013-இல் திறந்தார்கள். நம் ஊரைப் போலவே தட்டையான நிலம், நம்மைப் போலவே வாய்க்கால்கள் ஓடுகிற ஊர். அங்கே தீர்வுக்கு வழிகாட்டியது ஊர்க்காரர்களின் காது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: இந்த முறை தரையில் எழும் சத்தத்துக்குத்தான் பயன்படும். தலைக்கு மேலே போகிற விமானத்துக்கு வரப்பும் உதவாது, மரமும் உதவாது.

மரத்தைப் பற்றி இன்னொரு வார்த்தை. "சுற்றி மரம் நட்டால் சத்தம் குறையும்" என்று பலரும் சொல்வார்கள். ஒற்றை வரிசை மரத்தால் குறைவது மிகச் சொற்பம். ஓடுபாதைக்கு அருகில் பழமரம் நட்டால் பறவைகள் கூடும். அது விமானத்துக்கே ஆபத்து. நிழலுக்கு நடுங்கள், இரைச்சலுக்கு என்று நட வேண்டாம்.

ஒரு நோட்டுப் போடுங்கள்

இங்கிருந்துதான் உண்மையான வேலை ஆரம்பம். ஒரு நூறு பக்க நோட்டு போதும். தேதி, நேரம், புறப்பாடா இறக்கமா, எந்தத் திசை, தூக்கம் கலைந்ததா, ஜன்னல் திறந்திருந்ததா மூடியிருந்ததா. கூடவே விமான எண். ஃப்ளைட்ரேடார்24 போன்ற செயலிகளில் தலைக்கு மேலே போவது எந்த விமானம், என்ன வகை, எவ்வளவு உயரம் என்பதைப் பார்க்கலாம்.

விமான வகையைக் குறிப்பது முக்கியம். ஒரே நிறுவனத்தின் ஒரே ஊர் விமானம் ஒருநாள் பழைய ஏ320-ஆகவும் இன்னொரு நாள் ஏ320நியோவாகவும் வரலாம். நியோவின் இன்ஜின் வாய் அகலமானது, காற்றை மெதுவாகத் தள்ளுகிறது, ஆகவே சத்தம் தெளிவாகவே குறைவு. பத்து வீட்டு நோட்டுகளிலும் "இந்த வகை வரும் நாளில் எழவில்லை" என்று இருந்தால், அதைவிடப் பலமான வாதம் வேறு இல்லை.

ஒரே ஆள் தினமும் எழுதினால் சலித்துவிடும். தெருவுக்கு மூன்று நான்கு வீடு பிரித்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு வாரம் எழுதுங்கள். ஆடியில் ஒரு முறை, மார்கழியில் ஒரு முறை கட்டாயம் எழுத வேண்டும். காற்றின் இரண்டு முகமும் பதிவாக வேண்டும்.

எதை எழுதக் கூடாது என்பதும் உண்டு. 2024 அக்டோபர் 11-ஆம் தேதி மாலை ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஹைட்ராலிக் கோளாறால் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வட்டமடித்து, எரிபொருளைத் தீர்த்துவிட்டுத் திருச்சியிலேயே பத்திரமாக இறங்கியது. அன்று மாலை மாவட்டமே வானத்தைப் பார்த்துக் கைகூப்பி நின்றது. இப்படிப்பட்ட அவசரங்களைப் புகார்க் கணக்கில் சேர்க்காதீர்கள். இறங்காமல் மறுபடி மேலே ஏறுகிற விமானத்தையும் சேர்க்க வேண்டாம்; அது பாதுகாப்புக்காக விமானி எடுக்கும் முடிவு. இவற்றை நாமே ஒதுக்கிவிட்டோம் என்று மனுவில் ஒரு வரி எழுதினால், மீதியை மதித்துப் படிப்பார்கள்.

அளப்பது

செல்போன் செயலியின் அளவைச் சட்டச் சான்றாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனாலும் ஒப்பிடுவதற்கு அது போதும்: அந்த விமானம் இதைவிட எவ்வளவு அதிகம், ஜன்னலை மூடினால் எவ்வளவு குறைவு. போனை மொட்டை மாடியில், சுவரிலிருந்து தள்ளி, ஒரு முக்காலியின் மேல் வையுங்கள். பலத்த காற்றில் அளக்காதீர்கள். காற்று மைக்கில் மோதுவதே பெரிய எண்ணைக் காட்டிவிடும்.

டெசிபெல் கணக்கு நாம் பழகிய கூட்டல் கணக்கு இல்லை. 10 டெசிபெல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரட்டிப்புச் சத்தமாகத் தெரியும். ஆனால் ஒரே மாதிரி விமானங்களின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்தால் சராசரி 3 டெசிபெல்தான் குறையும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பகுதிக்கு வேண்டும்.

சட்டம் எங்கே நிற்கிறது

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபெல்தான் வரம்பு. இரவு என்றால் பத்து மணி முதல் காலை ஆறு வரை. விமான நிலையச் சுற்றுப்புறத்துக்கு என்று 2018 ஜூன் மாதம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் தனி வரம்பு அறிவித்தது. ஆண்டுக்கு 50,000 ஏற்ற இறக்கங்களைத் தாண்டும் நிலையங்களுக்குப் பகலில் 70, இரவில் 65. மற்றவற்றுக்குப் பகலில் 65, இரவில் 60. ஐம்பதாயிரம் என்றால் நாளொன்றுக்கு 137 ஏற்ற இறக்கம். திருச்சி அதைத் தொடவில்லை. ஆகவே நமக்கு 65, 60.

இந்த எண்கள் எல்லாம் மணிக்கணக்கில் எடுத்த சராசரி. இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். இரவில் எட்டு விமானங்கள் வருகின்றன, ஒவ்வொன்றும் உங்கள் மாடியில் உச்சத்தில் 80 டெசிபெல் காட்டி, சில நொடிகளில் அடங்கிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டு முறை தூக்கம் போயிருக்கும். ஆனால் எட்டு மணி நேரச் சராசரி போட்டால் 60-ஐத் தாண்டாது. சட்டப்படி எல்லாம் சரியாக இருக்கும். குழந்தை மட்டும் தூங்கியிருக்காது. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் ஐரோப்பாவுக்காக வெளியிட்ட வழிகாட்டுதல், விமான இரைச்சல் இரவுச் சராசரி 40 டெசிபெலுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. நம் வரம்புக்கும் அதற்கும் உள்ள தூரத்தை நீங்களே பாருங்கள். அதனால்தான் "வரம்பு மீறல்" என்ற ஒற்றை வாதத்தை நம்பி மட்டும் இறங்க வேண்டாம் என்று சொல்கிறேன். அது தோற்றால் எல்லாமே தோற்றதாகிவிடும்.

குழந்தைகளைப் பற்றிய ஒரு சான்று மனுவில் சேர்க்கத் தகுந்தது. 1992-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரம் பழைய விமான நிலையத்தை மூடிப் புதிய இடத்துக்கு மாற்றியது. ஆய்வாளர்கள் இரண்டு இடத்துப் பள்ளிப் பிள்ளைகளையும் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். பழைய நிலையத்தருகே இருந்த பிள்ளைகளின் வாசிப்பும் நினைவாற்றலும் தேறின. புதிய நிலையத்தருகே இருந்த பிள்ளைகளுக்குப் பின்னடைவு வந்தது. "பழகிடும்" என்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

எதைக் கேட்கலாம்

உலக விமானப் போக்குவரத்து அமைப்பு 2001-இலேயே இதற்கு ஒரு வரிசை வகுத்திருக்கிறது: முதலில் சத்தம் குறைந்த விமானம், அடுத்து நிலப் பயன்பாட்டுத் திட்டமிடல், அடுத்து பறக்கும் முறையை மாற்றுவது, மற்ற வழிகளைப் பார்த்தபிறகு கடைசியில்தான் நேரத் தடை. ஜெர்மனியின் பிராங்ஃபர்ட்டில் 2011-லிருந்து இரவு 11 முதல் காலை 5 வரை அட்டவணை விமானம் இல்லை. நமக்கும் அப்படி வேண்டும் என்று தோன்றும். நம் இரவு விமானங்கள் சிங்கப்பூர், கோலாலம்பூர், வளைகுடா நிலையங்களின் நேரத்தோடு கோத்துக் கட்டப்பட்டவை. ஒரு முனையை மட்டும் அசைக்க முடியாது. எடுத்த எடுப்பில் தடை கேட்டால் கதவு சாத்தப்படும். கீழே உள்ளவை கதவைத் திறந்து வைப்பவை.

நிற்கும் விமானத்துக்குத் தரை மின்சாரம். இதை முதலில் கேளுங்கள். செலவு குறைவு, எரிபொருள் மிச்சம், பாதுகாப்பில் எந்தச் சிக்கலும் இல்லை. புதிய முனையம் 2024 ஜூனிலிருந்து இயங்குகிறது. அங்கே நிற்கிற விமானங்களுக்கு நிலையான மின்சாரமும் குளிர்காற்றும் தரப்படுகின்றனவா, தரப்பட்டால் இரவில் எத்தனை விமானங்கள் பயன்படுத்துகின்றன என்று கேளுங்கள். பராமரிப்புக்கான இன்ஜின் சோதனையை இரவில் செய்யாமல் இருப்பதும் இதே வகைக் கோரிக்கை.

புறப்படும் முறை. ஏறும்போது இன்ஜின் வேகத்தைக் குறைக்கவும் முன்வேகத்தைக் கூட்டவும் இரண்டு அங்கீகரிக்கப்பட்ட முறைகள் உண்டு. முதல் முறையில் விமானம் 3,000 அடி வரை வேகம் கூட்டாமல் செங்குத்தாக ஏறும். ஓடுபாதைக்கு அருகே இருப்பவர்களுக்கு நல்லது. இரண்டாவது முறையில் சீக்கிரமே வேகம் பிடிக்கும். தூரத்தில் இருப்பவர்களுக்கு நல்லது. எந்த முறை பின்பற்றப்படுகிறது, குடியிருப்பு நெருக்கத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்களா என்பது நியாயமான கேள்வி.

இறங்கும் முறை. படிப்படியாக இறங்கி இடையிடையே இன்ஜினை முடுக்காமல், ஒரே சரிவாக வழுக்கிக்கொண்டு வருவது சத்தமும் குறைவு, எரிபொருளும் மிச்சம். ஆனால் இதன் பலன் பத்து இருபது கிலோமீட்டர் தள்ளி இருப்பவர்களுக்குத்தான். கடைசிச் சில கிலோமீட்டரில் எல்லா விமானமும் 3 பாகைச் சரிவில்தான் வரும். அதாவது ஓடுபாதை முனையிலிருந்து ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 52 மீட்டர் உயரம். முனையையே விமானம் சுமார் 15 மீட்டர் உயரத்தில்தான் கடக்கும். அதையும் சேர்த்தால், மூன்று கிலோமீட்டரில் உங்கள் வீடு நேர்கோட்டில் இருந்தால் விமானம் தலைக்கு மேல் ஏறக்குறைய 170 மீட்டரில் போகும். அந்த வீடுகளுக்கு விமான வகையும், ஜன்னலும்தான் தீர்வு. இதை மறைக்காமல் சொல்வதுதான் நேர்மை.

தரைதொட்டபின் எழும் இரைச்சல். இரவில் ஓடுபாதை காய்ந்திருக்கும்போது எதிர் உந்துதலை மிகக் குறைந்த அளவில் வைத்துக்கொள்ளலாம். நம் ஓடுபாதை சுமார் 2,480 மீட்டர்தான். ஐப்பசி மழையில் நனைந்திருக்கும்போது விமானிக்கு அந்த முழு விசையும் தேவைப்படலாம். ஆகவே "காய்ந்த ஓடுபாதையில், விமானி பாதுகாப்பு என்று கருதும்போது" என்ற சொற்களை விடாமல் எழுதுங்கள்.

ஓடுபாதைத் திசை. காற்று லேசாக இருக்கும் இரவுகளில் குடியிருப்பு குறைந்த பக்கமாகவே ஏறவும் இறங்கவும் செய்யலாம். பின்காற்றின் வேகம் 5 நாட் (மணிக்குச் சுமார் 9 கிலோமீட்டர்) என்ற அளவுக்கு மேல் இருந்தால் இப்படிச் செய்யக் கூடாது என்பது சர்வதேச விதி. இந்தக் கோரிக்கையில் ஒரு தர்மசங்கடம் உண்டு. மேற்கே குறைவது கிழக்கே கூடும். கே.கே. நகர்ச் சங்கம் ஒன்று கூடி, நவல்பட்டுக்காரர்கள் இல்லாத அறையில் இதை முடிவுசெய்தால் அது நியாயம் இல்லை. இரண்டு பக்கத்து ஆட்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசி ஒப்புக்கொண்டால் மட்டும் கேளுங்கள். இல்லாவிட்டால் இந்த ஒரு கோரிக்கையை விட்டுவிடுங்கள்.

யாரிடம், எந்த வரிசையில்

திருச்சி விமான நிலையத்தையும் அதன் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டையும் நடத்துவது இந்திய விமான நிலைய ஆணையம். ஆகவே முதல் மனு விமான நிலைய இயக்குநருக்கு. விதிகளை வகுத்துக் கண்காணிப்பது டிஜிசிஏ என்கிற மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். அதன் விதித்தொகுப்பில் பத்தாம் பிரிவு முழுக்கச் சுற்றுச்சூழல் பற்றியது. ஒலி அளவை முறையாக எடுக்கக் கேட்க வேண்டிய இடம் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகம். மாவட்ட ஆட்சியரிடம் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் ஒரு நகல் கொடுத்துப் பதிவு எண் வாங்கிக்கொள்ளுங்கள். விமான நிலைய ஆலோசனைக் குழு என்று ஒன்று உண்டு, தொகுதி எம்.பி. தலைமையில் கூடுவது. அதன் கூட்டப் பொருளில் இரவு இரைச்சலைச் சேர்க்கச் சொல்லி எம்.பி. அலுவலகத்தில் கடிதம் கொடுங்கள். ஊராட்சி என்றால் கிராம சபையில் தீர்மானம் போடலாம்.

மனுவுக்கு முன்னால் இரண்டு ஆவணங்களைப் படித்துவிடுங்கள். ஒன்று, ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் ஆணையம் வெளியிடுகிற வானூர்தித் தகவல் ஏடு. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. திருச்சியின் குறியீடு விஓடிஆர். அதில் 2.21 என்ற பத்திதான் இரைச்சல் குறைப்பு நடைமுறை. அங்கே என்ன எழுதியிருக்கிறது, அல்லது எதுவும் எழுதவில்லையா என்பதே உங்கள் மனுவின் முதல் வரியாகலாம். இரண்டு, விரிவாக்கத்துக்கான சுற்றுச்சூழல் அனுமதி. 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி அனுமதி பெற்றவர்கள் நிபந்தனைகளை நிறைவேற்றியது பற்றி ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது: பத்து ரூபாய், முப்பது நாள், தமிழிலேயே எழுதலாம். பதில் வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு அடுத்த முப்பது நாளுக்குள் எழுத வேண்டும்.

மனு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். இப்படி இருக்கலாம்:

"ஐயா, வணக்கம். எங்கள் பகுதியில் குடியிருக்கும் குடும்பங்கள் ஆடி, மார்கழி மாதங்களில் இரவு விமானச் சத்தத்தைப் பதிவு செய்துள்ளோம், நகல் இணைத்துள்ளோம். அவசர இறக்கங்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. விமான சேவை எங்களுக்கும் தேவை. இரவு பத்து முதல் காலை ஆறு வரை நிற்கும் விமானங்கள் துணை இன்ஜினுக்குப் பதிலாகத் தரை மின்சாரம் பயன்படுத்த உத்தரவிடவும், இன்ஜின் சோதனையைப் பகலுக்கு மாற்றவும், காய்ந்த ஓடுபாதையில் விமானி பாதுகாப்பு என்று கருதும்போது எதிர் உந்துதலைக் குறைக்க அறிவுறுத்தவும் வேண்டுகிறோம். இவற்றில் எது நடைமுறையில் உள்ளது, எது இல்லை என்பதை எழுத்தில் தெரிவிக்கக் கோருகிறோம்."

கடைசி வரிதான் மனுவின் உயிர். "ஆவன செய்யப்படும்" என்று பொதுவாகப் பதில் வராமல் தடுப்பது அதுதான்.

காத்திருக்கும் காலத்தில், வீட்டுக்குள்

பதில் வர மாதங்கள் ஆகும். அதுவரை தூங்க வேண்டுமே.

சத்தம் வீட்டின் மிக பலவீனமான ஓட்டை வழியாகத்தான் வரும். கான்கிரீட் கூரையும் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும் நன்றாகத் தாங்கும். ஜன்னல், வெண்டிலேட்டர், கதவின் அடி இடுக்கு, ஏசிக்குப் போட்ட ஓட்டை, இவைதான் வழி. ஜன்னல் திறந்திருந்தால் வெளிச்சத்தத்தில் 10 முதல் 15 டெசிபெல் குறையும். இறுக்கமாக மூடினால் 20 முதல் 25 வரை. ஆகவே புது ஜன்னலுக்குப் பணம் செலவழிக்கும் முன் ரப்பர் பட்டை வாங்கி இடுக்குகளை அடையுங்கள். ஸ்லைடிங் ஜன்னல் எவ்வளவு விலை கொடுத்தாலும் முழுதாக அடையாது; கீல் வைத்துத் திறக்கும் ஜன்னல் மேல். வசதி இருந்தால் இருக்கிற ஜன்னலுக்கு உள்பக்கம் நான்கு அங்குலம் தள்ளி இரண்டாவது கண்ணாடி போடுங்கள். இரண்டு கண்ணாடியும் வெவ்வேறு கனத்தில் இருக்கட்டும்.

தகரமோ சிமெண்ட் ஷீட்டோ போட்ட வீடுகளில் கூரைதான் ஓட்டை. அங்கே ஜன்னலுக்குச் செலவழிப்பது வீண். ஷீட்டுக்குக் கீழே இடைவெளி விட்டுக் கண்ணாடிப் பஞ்சு வைத்துப் பலகைத் தட்டி அடித்தால் சத்தமும் குறையும், வெயிலும் குறையும். முட்டை அட்டை ஒட்டுவதால் ஒரு பயனும் இல்லை; அது அறைக்குள் எதிரொலியைத்தான் மாற்றும். நடுமுற்றம் வைத்த பழைய வீடுகளில் முற்றத்தை மூட மனம் வராது, மூடவும் வேண்டாம். முற்றத்தைப் பார்த்த கதவை இறுக்கமாக்கி, படுக்கையை ஓடுபாதைக்கு எதிர்ப்பக்க அறைக்கு மாற்றுங்கள்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு படுக்க முடியாது. ஏசி இல்லாத வீட்டில் ஒரே ஒரு அறையை, குழந்தையும் பெரியவர்களும் படுக்கிற அறையை மட்டும், இப்படிச் சரிசெய்து மற்றதைத் திறந்து விடுவதுதான் நடக்கிற காரியம்.

இன்னும் இடம் வாங்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. கட்டட உயரத்துக்கு விமான நிலைய ஆணையம் தரும் தடையில்லாச் சான்று உயரத்தைப் பற்றியது மட்டும். அதைக் காட்டி "ஏர்போர்ட் அப்ரூவல் இருக்கு" என்று விற்பார்கள். சத்தத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. வரைபடத்தில் ஓடுபாதையின் இரு முனையிலிருந்தும் நேர்கோடு இழுத்துப் பாருங்கள். அந்தக் கோட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் பக்கவாட்டில் விலகினாலே சத்தம் வெகுவாக மாறும். முன்பணம் கொடுக்கும் முன் ஒரு இரவு அங்கே போய் இருந்து பாருங்கள்.

தஞ்சாவூர்க்காரர்களுக்கு

தஞ்சாவூர் விமானப்படைத் தளம் 2013-லிருந்து முழுத் தளமாக இயங்குகிறது. 2020 ஜனவரியில் அங்கே சுகோய்-30 போர் விமான அணி வந்தது. போர் விமானத்தின் சத்தம் பயணிகள் விமானத்தோடு ஒப்பிட முடியாதது. மேலே சொன்ன டிஜிசிஏ வழி அங்கே செல்லாது, ஏனென்றால் அது பயணிகள் போக்குவரத்துக்கான அமைப்பு. தளத்தருகே படம் எடுப்பது, பறக்கும் நேரங்களைக் குறித்து இணையத்தில் போடுவது இரண்டும் சட்டச் சிக்கலைக் கொண்டுவரும், செய்யாதீர்கள். நோட்டு, செயலி எல்லாம் திருச்சிக்குத்தான்.

அங்கே கேட்கக்கூடியது ஒன்று உண்டு. பொதுத்தேர்வு நடக்கிற காலை வேளைகளில் பள்ளிகளுக்கு மேலே தாழப் பறப்பதைத் தவிர்க்கச் சொல்லி, மாவட்ட ஆட்சியர் வழியாகத் தள அதிகாரிக்குக் கடிதம் அனுப்பலாம். தேர்வு அட்டவணையையும் அருகிலுள்ள தேர்வு மையங்களின் பட்டியலையும் பள்ளித் தலைமையாசிரியரிடம் கையெழுத்தோடு வாங்கி இணைத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி முதல் வாரத்துக்குள் கொடுத்துவிட்டால் மார்ச் தேர்வுக்கு முன் அது உரியவர் மேசைக்குப் போய்ச் சேர நேரம் இருக்கும்.